பஸ்ஸுக்கும் மண்மேட்டுக்கும் நடுவே

பைக்கில் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எல்லோரையும் சொல்லவில்லை என்று சேர்த்துக்கொண்டால் நாகரிகமாக இருக்கும். ஆனால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ஐம்பது பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் ஷூ கம்பெனி பஸ்ஸை ஓட்டிப் பார்த்த எவனுக்கும் அந்த நாகரிகம் மிஞ்சாது. நான் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.

எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சைரன் ஊதும். கால் மணி நேரத்தில் பஸ், வேன், ஆட்டோ, பைக் எல்லாம் ஹைவேயில் வந்து விழும். மாதனூருக்கு முன்னால் பாலம் கட்டத் தோண்டியதிலிருந்து எல்லா வண்டியையும் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பஸ் ஒன்றையொன்று உரசாமல் நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு பக்கம் கான்கிரீட் தடுப்பு, இன்னொரு பக்கம் தோண்டிப்போட்ட மண்மேடு. நாங்கள் அங்கே நிற்போம். பைக்குகள் நிற்காது. பஸ்ஸுக்கும் மண்மேட்டுக்கும் நடுவே நாலடி இடம் இருந்தால் அதில் ஐம்பது வேகத்தில் போவார்கள். இடப்பக்கக் கண்ணாடியில் ஒருவன் தெரிந்தான் என்று நினைக்கும்போதே முன் சக்கரத்தைத் தாண்டியிருப்பான். ஹேண்டில்பார் பஸ்ஸின் தகரத்தைக் கீறிக்கொண்டு போகும் சத்தம் எனக்குப் பல்லில் கூசும்.

அவர்களில் ஒருவனை மட்டும் எனக்கு முகம் தெரியும். எங்கள் கம்பெனியிலேயே சேம்பிள் செக்‌ஷனில் சூப்பர்வைசர். முப்பது வயது இருக்கும். கறுப்பு பைக். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவான். நான் கேட்டை விட்டு வெளியே வரும்போது அவனும் வருவான். நெரிசலில் என் பஸ்ஸை இடப்பக்கமாகத் தாண்டும்போது, நான் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கியிருந்தால், உள்ளங்கையால் பஸ்ஸின் உடம்பில் பட் பட்டென்று அடித்துவிட்டுப் போவான். மாட்டை ஓட்டுகிற மாதிரி.

ஒருநாள் காலையில் கேட் பக்கத்து டீக்கடையில் அவனை மடக்கிக் கேட்டேன்.

"இன்னா சார், டெய்லி லெஃப்ட்ல பூந்து போறீங்க? பொம்பளைங்க எறங்கற வண்டி சார் இது."

"ஓரமா நிறுத்தி எறக்கறது உங்க வேலை, டிரைவரே. எனக்கு வீட்டுக்குப் போற வேலை இருக்குது."

"ஓரத்துல நீங்க எங்க இடம் வுடுறீங்க?"

"உங்க கூட சேர்ந்து நானும் ஒரு மணி நேரம் நிக்கணுமா? அப்புறம் இன்னாத்துக்கு நான் பைக் வாங்கினேன்?"

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் சேர்த்து அவன் கணக்கில்தான் எழுதினேன்.

பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம் ஒரு பெண் உட்காருவாள். நாற்பது வயதுக்குப் பக்கம். ஸ்டிச்சிங்கில் சீனியர். ஷூவின் மேல்பாகத்தில் இரட்டைத் தையல் போடுவதில் அவள் கைக்கு அந்த லைனில் ஜோடி இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளுடைய ஸ்டாப் மாதனூரைத் தாண்டி. ஆனால் பாலம் தோண்டியதிலிருந்து பஸ் அங்கே போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். அவள் தெருக் குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்; அரை மணி நேரத்தில் நின்றுவிடும். வீட்டில் பிடித்து வைக்க ஆளில்லை. அதனால் நெரிசல் தொடங்கும் இடத்திலேயே இறங்கி, மண்மேட்டைத் தாண்டி, கொல்லி நிலத்தின் வழியாக நடந்துவிடுவாள்.

"அண்ணா, இங்கயே எறக்கி வுடுண்ணா," என்பாள். நானும் கண்ணாடியைப் பார்த்து, பைக் வராத நேரமாகப் பட்டனைத் தட்டிக் கதவைத் திறப்பேன். அது ஸ்டாப் இல்லை. அங்கே கதவைத் திறக்கக்கூடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை எவனோ ஒருவன் என் இடப்பக்கக் கண்ணாடியை இடித்து உடைத்துவிட்டுப் போனான். யார் என்று பார்க்கவில்லை. சூப்பர்வைசராக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இல்லை, அவன் அன்றைக்கு லீவு. டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜிடம் சொன்னேன், புத்தகத்திலும் எழுதினேன். "அடுத்த வாரம் போட்டுடலாம், இந்த வாரம் ஷிப்மென்ட் பேஜாரு," என்றார். கண்ணாடி இல்லாத வண்டியை எடுக்கமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெறும் சட்டம் மட்டும் தொங்க, மூன்று நாள் ஓட்டினேன்.

வியாழக்கிழமை வழக்கமான இடத்தில் பஸ் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்தாள்.

"அண்ணா, எறக்கி வுடுண்ணா. இன்னிக்கு ஏற்கெனவே லேட்டு."

"கண்ணாடி இல்லம்மா. பாத்து எறங்கு," என்றேன். பட்டனைத் தட்டினேன்.

முதலில் கேட்டது ஹார்ன். பிறகு தகரத்தில் ஏதோ மோதும் சத்தம். பிறகு பஸ் முழுக்கப் பெண்களின் அலறல்.

நான் இறங்கிச் சுற்றி வந்தபோது அவள் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டுக்கு மேலே இருக்கக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது. அவள் அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி மண்மேட்டில் கறுப்பு பைக் சாய்ந்து கிடந்தது. சூப்பர்வைசர் எழுந்து நின்று, முதலில் பைக்கின் டேங்கைக் குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்தான்.

"நடு ரோட்ல கதவத் தொறக்கறியே, அறிவு இருக்குதா உனக்கு?"

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்குள் பதினோரு வருடம் சேர்ந்து கிடந்தது முழுவதும் அந்தக் கையில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் சாப்பாட்டுப் பையால் அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடி விழுவதற்குள் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

அந்த நாலடி இடத்தில் ஏழெட்டு பைக்குகள் வந்து நின்றிருந்தன. கீழே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டேதான் ஹார்ன் அடித்தார்கள். ஒருவன் மண்மேட்டில் ஏறி, அவளைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் பின் சக்கரம் அவளுடைய ஒற்றைச் செருப்பின் மேல் ஏறி இறங்கியது. அடுத்தவனும் அதே தடத்தில் போகப் பார்த்தான். பெண்கள் அவளைச் சக்கரத்தை விட்டுத் தள்ளி உட்காரவைத்ததும், நான் சூப்பர்வைசரை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி, ஸ்டீயரிங்கை ஒடித்துப் பின்னால் எடுத்து, பஸ்ஸின் பின்பக்கம் மண்மேட்டில் முட்டும்படி குறுக்கே நிறுத்தினேன். இடம் அடைபட்டது. அப்புறம் அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது. நான் திட்டியதையும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வரும் வழியிலேயே நெரிசலில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அவளுக்கு முகம் வெளுத்து வியர்க்கத் தொடங்கியது. பஸ்ஸோ காரோ அங்கிருந்து அசையாது. அப்போது, எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்த ஒருவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தான். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற ஆள். முதுகில் பெரிய பை.

"ஏத்துங்க. பள்ளிகொண்டா ஆஸ்பத்திரிக்கு நான் இட்டும் போறேன். இதுல பைக்கு ஒண்ணுதான் போவும்," என்றான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. அவன் தன் பையைக் கழற்றி, திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாக பஸ்ஸில் வைத்தான். பக்கத்து மெஷினில் தைக்கிற, பர்தா போட்ட தோழி பின்னால் ஏறி, அவளை நடுவில் உட்காரவைத்து, துப்பட்டாவால் கட்டிய கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்பீடா போவாத தம்பி," என்றேன்.

"போவ முடிஞ்சாதானே," என்றான் அவன்.

அவன் சொன்னது சரி. முன்னால் இருந்த இடைவெளிகளிலெல்லாம் பைக்குகளே அடைத்துக்கொண்டிருந்தன. காயம்பட்டவளை ஏற்றியிருக்கிறான் என்று ஒருவன்கூட ஒதுங்கவில்லை. இவனும் அவசரக்காரன், நாமும் அவசரக்காரர்கள் என்ற எண்ணம்தான் போலும். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு பைக்காக டேங்கில் கையால் அடித்து, "நவுரு, நவுரு" என்று கத்தி, நவுராதவனின் ஹேண்டிலைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளினேன். ஒருவன் என்னை அடிக்க வந்தான். பாலம் வேலை முடிகிற இடம் வரைக்கும் அப்படியே போனோம். அங்கே ரோடு விரிந்ததும் அந்தப் பார்சல்காரன் கிளம்பிவிட்டான். நான் வேர்வையோடு திரும்பி நடந்தபோது அதே பைக்குக்காரர்கள் என்னைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள்.

மறுநாள் ஹெச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். சூப்பர்வைசர் முட்டியில் கட்டோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். எனக்கு நாற்காலி போடவில்லை.

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க. விஷயத்த ஜாஸ்தி ஆக்க வேணாம். அந்தம்மாவே அவசரப்பட்டு குதிச்சிட்டாங்க. அவ்வளவுதானே?"

மேஜை மேல் ஏற்கெனவே டைப் செய்த தாள் இருந்தது. நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து தொழிலாளி தானாகக் கதவைத் திறந்து குதித்ததாக அதில் இருந்தது. உடைந்த கண்ணாடி இல்லை. என் பட்டன் இல்லை. அவனுடைய வேகமும் இல்லை. என்னையும் அவனையும் ஒரே வரியில் காப்பாற்றியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் அவன் போட்டிருந்தான். பேனாவை என்னிடம் நீட்டியதே அவன்தான். அந்தப் பேனாவை வாங்கியபோது வந்த அருவருப்பு அவன்மேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனேன். முழங்கை வரை மாவுக்கட்டு. உள்ளே தகடு வைத்திருந்தார்கள். தாளைப் பற்றிய செய்தி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"உக்காருண்ணா," என்றாள். நான் வாங்கிப் போன பழத்தை அவள் தொடவில்லை. "எறக்கி வுடுன்னு நான்தான் கேட்டேன். அது என் தப்பு. ஆனா நான் குதிச்சேனாண்ணா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் அப்படி எழுதிக் குடுத்த?"

நான் பழப் பையை ஓரமாக நகர்த்தினேன். அவளே தொடர்ந்தாள்.

"அந்தாளு வந்து இடிச்சான். அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது, அது ஊருக்கே தெரியும். உன்னைய நாங்க நம்பித்தானே ஏர்றோம்?"

திங்கட்கிழமை காலை என் கையெழுத்திலேயே ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். கண்ணாடி உடைந்தது, புத்தகத்தில் எழுதியது, கதவை நான் திறந்தது, அவன் வந்த வேகம். ஹெச்.ஆர். மேனேஜர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார். "உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?" என்றார். ஒரு நகலை நான் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்தது.

கேஸ் அவன்மேலும் பதிவானது, என்மேலும் பதிவானது. நான் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். அவன் லைசென்ஸை சில மாதங்களுக்கு முடக்கினார்கள். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் இரண்டே நாளில் கண்ணாடி போட்டுத் தந்தார். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை.

லைசென்ஸ் போனதும் சூப்பர்வைசர் வேறு வழியில்லாமல் என் பஸ்ஸிலேயே வர ஆரம்பித்தான். முன் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்ப்பான். பெண்கள் அவன் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நின்றுகொண்டு வருவார்கள். நான் ஒருநாளும் அவன் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. அவன் இறங்கும்போது மட்டும் கதவைக் கொஞ்சம் தாமதமாகத் திறப்பேன். அற்பத்தனம்தான். அதைச் செய்யும்போது சந்தோஷமாக இருந்தது.

மாவுக்கட்டு பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, பஸ்ஸில் ஏறியதும் அவன் எழுந்தான்.

"உக்காருங்கக்கா. கை இப்ப எப்படி இருக்குது?"

"பாத்தா தெரியலையா?" என்றாள். பின்னால் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.  மாதனூர் வரைக்கும் அவன் திரும்ப உட்காரவில்லை.

அவளை ஸ்டிச்சிங்கில் வைக்கவில்லை. விரல்கள் மடங்குகின்றன, ஆனால் தோலை ஊசிக்கு அடியில் திருப்பும் அளவுக்குப் பிடிப்பு வரவில்லை. பேக்கிங்கில் போட்டார்கள். பெட்டிக்குள் காகிதம் திணித்து மூடும் வேலை. ஸ்டாப் வராமல் இப்போது நான் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. கெஞ்சினாலும் திறப்பதில்லை. முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு இன்சார்ஜிடம் புகார் சொன்னார்கள். அவள் மட்டும் கேட்பதும் இல்லை, புகார் சொல்வதும் இல்லை. என்னோடு பேசுவதும் குறைந்துவிட்டது.

சூப்பர்வைசருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. அதே கறுப்பு பைக்தான், டேங்கில் நசுங்கிய இடத்தைச் சரி செய்திருக்கிறான். எங்கள் பஸ்ஸைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கிறான், உள்ளே நிமிர்ந்துகூடப் பார்க்கிறான் என்று ஜன்னல் ஓரப் பெண்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எங்களுக்கு முன்னால் வேறு கம்பெனி பஸ் ஒன்று நிற்கும். அதைத் தாண்டும்போது அவன் எப்படிப் போகிறான் என்பதை நான் என் சீட்டிலிருந்து தினமும் பார்க்கிறேன்.