நானூறாம் இலக்கம்

ஜோசப்பினுக்குப் பொறாமை என்று சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். நியாயம் கேட்கிறேன் என்பாள். முப்பத்தாறு வருடம் இந்த நாட்டுக்கு வரி கட்டியவள் நியாயம் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நியாயம் கேட்கிறவர்களுக்குச் சாப்பாடு செமிக்கும், நித்திரை வரும். போன தை மாதத்திலிருந்து ஜோசப்பினுக்கு இரண்டும் இல்லை.

குருநகரில் பிறந்தவள். எண்பத்தொன்பதாம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்து, வந்த மூன்றாம் கிழமையே ஸ்காபரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பணிஸ் அடுக்கத் தொடங்கினாள். அறுபது வயதிலும் அங்கேதான் போய்வருகிறாள். பிள்ளைகள் இல்லை, புருஷன் செத்து எட்டு வருடம். மார்க்கம் றோட்டில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். அந்த மாடித் தமிழ்ச் சனத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் அவளுடைய கைக்குத்தான் வரும். வாசித்துச் சொல்வாள், படிவம் நிரப்புவாள், ஒரு சதம் வாங்க மாட்டாள். அதில் அவளுக்குப் பெரிய பெருமை. இருக்கட்டுமே, யாருக்கு நட்டம்?

குறை ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் குடும்ப டொக்டர் இல்லை. இருபத்திரண்டு வருடம் பார்த்த மனுஷன் ஓய்வெடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுடைய சலரோகக் கதை, எப்போது சீனி ஏறியது எப்போது இறங்கியது என்பது முழுவதும், எங்கோ ஒரு களஞ்சியத்தில் பெட்டிக்குள் கிடக்கிறது. இடது கால் பெருவிரலில் வந்த புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. முன்பதிவில்லாமல் போய்க் காத்திருக்கும் வோக்-இன் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர், வேறு களிம்பு. "தொடர்ந்து பார்க்க ஒரு குடும்ப டொக்டரைத் தேடுங்கள்" என்று மட்டும் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அவளோடு வேலை செய்த ஒருத்திக்கும் விரலில்தான் தொடங்கியது, கடைசியில் முழங்காலோடு எடுத்தார்கள். ஜோசப்பினுக்கு அந்தப் பயம் இருந்துகொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் தை மாதம் பக்கத்தில் ஒரு புதுக் கிளினிக் திறந்தது. முதலில் வரும் நானூறு பேரைப் பதிவார்களாம். ஜோசப்பினும் எதிர்வீட்டுப் பாலேஸ்வரியும் விடியற்காலை ஐந்து மணிக்கே பனிக்குள் போய் வரிசையில் நின்றார்கள். ஜோசப்பின் முன்னுக்கு, பாலேஸ்வரி பின்னுக்கு.

பாலேஸ்வரி கொக்குவில்காரி, அறுபத்தாறு வயது. மகன் பிரியந்தன் பிறம்ரனில் லொறி ஓடுகிறான். அவன்தான் பதினான்கு வருடத்துக்கு முன் தாயைக் கூப்பிட்டான். பேரப்பிள்ளைகள் வளரும்வரை அங்கே இருந்துவிட்டு, கோயிலுக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று ஸ்காபரோவுக்கு வந்துவிட்டாள். ஒரு சொல் இங்கிலிஷ் தெரியாது. காலையில் பிரஷர் குளிசை ஒன்று போடுவாள், அவளுக்கு உள்ள நோய் வருத்தம் அவ்வளவுதான்.

ஏழு மணியளவில் பாலேஸ்வரி கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள், "விரல் எல்லாம் விறைச்சுப் போச்சு ஜோசப்பின். ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வாருமன். உம்மடை இடத்தை நான் பிடிச்சு வைக்கிறன்."

இடம் பிடித்து வைப்பது நம் சனத்துக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். கோயில் மண்டபத்தில் கதிரைக்கு மேல் ஒரு கைலேஞ்சியைப் போட்டால் அது நம் கதிரைதான், ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையில் ஜோசப்பின் புண் காலோடு சந்திக் கடைக்குப் போய், இரண்டு கோப்பியோடு திரும்பி வந்தாள். அதற்குள் இலக்கம் கொடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நானூறாம் இலக்கம் பாலேஸ்வரியின் கையில் இருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர், இடம் பிடிக்கிற விளையாட்டெல்லாம் இங்கே கிடையாது என்று முதலே சண்டை போட்டிருந்தார். பாலேஸ்வரி இலக்கத்தை நீட்டி, "இதை நீர் வைச்சிரும்" என்றுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய ஹெல்த் காட்டை, அந்த மருத்துவ அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிந்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள்.

"பரவாயில்லை அக்கா" என்று ஜோசப்பின் கோப்பியை நீட்டினாள். பரவாயில்லையாம்! எண்ணிப் பார்த்தால் நானூறாவது ஆள் அவள். தன் இலக்கத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, கோப்பியும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அன்று பின்னேரமே பாலேஸ்வரி கிளினிக் படிவத்தோடு வந்தாள். வழக்கம்போல ஜோசப்பின் வாசித்துச் சொன்னாள். நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இங்கே பதிந்தவர்கள் சாதாரண வருத்தங்களுக்கு வோக்-இன் கிளினிக்குகளுக்குப் போகக் கூடாது, திரும்பத் திரும்பப் போனால் ஹெல்த் காட் பதிவில் அது தெரியவரும், பெயர் வெட்டப்படும். ஜோசப்பின் அந்த வரியைக் கண்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

"அவ்வளவுதானோ?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"அவ்வளவுதான் அக்கா. இதிலை கையெழுத்து வையுங்கோ."

அப்போது அவள் ஒரு திட்டமும் போடவில்லை. உண்மையாகவே போடவில்லை. நம் டொக்டர் என்று பாலேஸ்வரி சந்தோசப்படும்போது, அதில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பொத்தல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மாசியில் கால் வலி கூடியபோதுதான் அந்தப் பொத்தல் பெரிதாகியது. "தனியப் போக அலுப்பா இருக்கு. துணைக்கு வாங்கோவன் அக்கா" என்றாள். பாலேஸ்வரி அப்போதே சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். வோக்-இன் கிளினிக்கில் கொடுத்த படிவத்தில், அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டத்தில் ஜோசப்பின் பாலேஸ்வரியின் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் சிநேகிதி என்று போட்டாள். போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திச் சொன்னாள், "சும்மா இருக்கிறதுக்கு உங்கடை ஹெல்த் காட்டையும் குடுங்கோவன். பிரஷரையும் பார்ப்பிக்கலாம். காசோ பணமோ?"

மூன்று மணித்தியாலம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சொந்த டொக்டர் வைத்திருக்கிறவளும் தன்னைப்போல அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருப்பதைப் பார்க்க ஜோசப்பினுக்கு ஒரு சுகம். பங்குனியிலும் கூட்டிக்கொண்டு போனாள்.

சித்திரையில் மத்திய அரசுக்கான ஒட்டாவாத் தேர்தல். கட்டடத்துக்கு முன்னால் சிவப்புப் பலகையும் நீலப் பலகையும் முளைத்தன. கீழ்மாடியில் இருக்கும் சண்முகநாதன் அண்ணை ஓய்வு பெற்ற மனிதர், ஒரு கட்சிக்குத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவர். வாசல் வாங்கில் குந்தியிருந்த இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, எனக்கு டொக்டர் இல்லை. உங்கடை கட்சி என்ன செய்யும்?" என்று ஜோசப்பின் கேட்டாள்.

"அது மாகாணத்தின்ரை வேலை தங்கச்சி. ஒட்டாவா காசு குடுக்கும். செலவழிக்கிறது மாகாணம்."

"மாகாணத் தேர்தலுக்கு வந்தவை ஒட்டாவா காசு தரேல்லை எண்டு சொல்லிச்சினம். அவை இவையைக் காட்டினம், இவை அவையைக் காட்டினம். நடுவிலை நான் காலைக் காட்டிக்கொண்டு நிக்கிறன்."

சண்முகநாதன் சிரித்தார். "சனமும் கூடிப்போச்சு. ஒரேயடியா இவ்வளவு பேரைக் கூப்பிட்டால் டொக்டருக்கு எங்கை போறது?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். வரி கட்டினவைக்கு முதல் குடுக்கவேணும். நேற்று வந்து, ஒரு நாளும் வேலைக்குப் போகாத ஆக்களுக்கு எல்லாம் தூக்கிக் குடுத்தால் இப்பிடித்தான்."

தான் ஒருகாலத்தில் அகதியாக வந்து இறங்கியது அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வராது. பாலேஸ்வரிக்கோ அது தனக்கு விழுந்த சொல் என்றே விளங்கவில்லை.

"எனக்கெண்டால் ஒரு குறையும் இல்லை அண்ணை" என்றாள் பாலேஸ்வரி. "போன கிழமையும் என்ரை டொக்டர் அரை மணித்தியாலம் இருத்தி வைச்சு, அங்கை வேலை செய்யிற தமிழ்ப் பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிச்சுக் கதைச்சவா. அருமையான நாடு."

என்ரை டொக்டர்! ஜோசப்பின் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி லிஃப்டுக்குப் போனாள். ஒட்டாவாவுக்கு யார் போனால் அவளுக்கென்ன? பாலேஸ்வரி எந்தக் கட்சிக்குப் புள்ளடி போடுகிறாள் என்று விசாரித்து, மற்றக் கட்சிக்குப் போட்டாள். முப்பத்தாறு வருடம் வரி கட்டியவளின் வாக்கு அப்படிப் போனது.

அதே கிழமை பாலேஸ்வரிக்குக் கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் இரண்டு தடவை வெளிக் கிளினிக்குக்குப் போயிருக்கிறீர்கள், இன்னொரு முறை போனால் பெயரை எடுத்துவிடுவோம். தெளிவான கடிதம். ஜோசப்பின் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னவாம்?"

"சும்மா எல்லாருக்கும் அனுப்புறது அக்கா. சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேட்டிருக்கினம்."

"பாத்தீரே, என்ன அன்பான ஆக்கள்" என்று பாலேஸ்வரி கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைக்கக் கொண்டு போனாள். முதல் முறை வாய் தவறியது என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை அப்படிச் சொல்ல ஏலாது. அன்று முழுக்க ஜோசப்பின் தனக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். அது என்னுடைய இலக்கம், என்னுடைய இலக்கம், என்னுடைய இலக்கம். வைகாசியில் பாலேஸ்வரிக்கு இருமல் வந்தது. "இருமலுக்குப் போய் உங்கடை டொக்டரை ஏன் கரைச்சல் படுத்துவான், என்னோடை வாங்கோ" என்று மூன்றாம் தடவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாலேஸ்வரி கதவைத் தட்டினாள். ஒரு கையில் மூடிய கிண்ணம். மறு கையில் கிளினிக்கிலிருந்து வந்த கடிதம், உடைக்காமலே.

"குரக்கன் புட்டு. உமக்கெண்டு அவிச்சனான், சீனி போடேல்லை" என்று கிண்ணத்தை மேசையில் வைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "இந்தக் கடிதத்தை முழுக்க வாசியும். ஒரு வரி விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

ஜோசப்பினுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். நாலு மாதமாகக் காத்திருந்தது அதற்குத்தான். உறையை உடைத்தாள். முதல் பந்தி அவள் எதிர்பார்த்ததுதான். மூன்று தடவை வோக்-இன் கிளினிக்குக்குப் போனபடியால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் கீழே இன்னொரு பந்தி இருந்தது. பதிந்தவர்களின் குடும்பத்தினரைச் சேர்க்கும் முறையின்கீழ், வருகிற மாதம் சேர்ப்பதாக இருந்த உங்கள் சகோதரியின் விண்ணப்பமும் இத்துடன் இரத்தாகிறது. சகோதரியின் பெயர் ஜோசப்பின் என்று இருந்தது. வீட்டு இலக்கம் இந்த வீட்டு இலக்கம்.

கண் நிறைந்து எழுத்து மறைந்தது. பாலேஸ்வரி அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"உதுக்கு ஏன் அழுகிறீர்?" என்று தோளைத் தட்டினாள். "அங்கை கவுண்டரிலை நதீஷா எண்டு எங்கடை தமிழ்ப் பிள்ளை ஒண்டு இருக்கு. புது ஆக்களை எடுக்கமாட்டினம், குடும்பத்து ஆக்களெண்டால் எடுப்பினம் எண்டு சொல்லிச்சுது. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் எண்டன். பாலேஸ்வரிக்கு ஜோசப்பின் எண்டு தங்கச்சியோ எண்டு கேட்டுது. நான் பிறந்தாப் பிறகு எங்கடை அப்பா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவர் எண்டு ஒரு பொய் விட்டன். டொக்டரும் ஓம் எண்டிட்டா. ஆனியிலை கடிதம் வருமெண்டவை. முதலே சொல்லி, பிறகு வராமல் விட்டால் உமக்கு எவ்வளவு கவலை? ஏற்கெனவே ஒருக்கா இடம் பிடிக்கிறன் எண்டு சொல்லி ஏமாத்தினவள் நான்."

ஜோசப்பின் கண்ணைத் துடைத்தாள். நினைத்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் பாலேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "வாசியும்" என்று முன்னால் இருந்தாள்.

வாசித்தாள். ஒரு வரி விடாமல் வாசித்தாள். இரண்டாம் பந்தியில் வந்த தன் பெயரையும் வாசித்து முடித்தாள்.

பாலேஸ்வரி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "வெளியிலை போனதெண்டால், உம்மோடை துணைக்கு வந்ததோ?"

"ஓம்."

"போகக்கூடாதெண்டு முதலே எழுதியிருந்தவையோ? அந்தப் படிவத்திலை?"

"ஓம் அக்கா. சித்திரையிலை வந்த கடிதத்திலையும் எழுதியிருந்தது."

பாலேஸ்வரி எழும்பினாள். கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"அண்டைக்குக் கோப்பி கேட்டது என்ரை பிழைதான் ஜோசப்பின்" என்றாள். "அதுக்கு இவ்வளவோ?"

எதிர்வீட்டுக் கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு பாலேஸ்வரி தன் கடிதங்களைச் சண்முகநாதன் அண்ணையிடம் கொண்டுபோனாள். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜோசப்பின் வோக்-இன் கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. வழக்கமான படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், வயது, வருத்தம் எல்லாம் எழுதினாள். அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, படிவத்தைத் திருப்பித் தந்து, இந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்றாள்.