நிறுத்தினால் மூடு, கிளப்பினால் திற

பழைய வண்டி வாங்கப் போறவன் மெக்கானிக்கை எதுக்குக் கூட்டிட்டுப் போறான்னு நினைக்கறீங்க? அவன் சொல்றதைக் கேக்கறதுக்கா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. மனசுக்குள்ள வண்டியை ஏற்கெனவே வாங்கி முடிச்சிருப்பான். நாம தலையாட்டணும், அவ்வளவுதான். முப்பது வருஷமா இதே கூத்து. நான் வேண்டாம்னு சொன்ன வண்டியெல்லாம் கடைசியில என் பட்டறை வாசல்லதான் வந்து நிக்குது.

ஜெராக்ஸ்காரரும் அப்படித்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார். பதிவு ஆபீஸுக்கு எதிர்ல, ஒரு கதவு அகலத்துல அவர் கடை. உள்ளே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மேசை விசிறி. அந்த விசிறியை அவர் போட மாட்டார், பேப்பர் பறக்குமாம். நகல் எடுத்ததை அப்படியே தூக்கிக் கொடுக்கற ஆள் இல்ல. அசலையும் நகலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கடைசி வரி வரைக்கும் விழுந்திருக்கான்னு பார்த்து, நாலு மூலையும் தட்டிச் சேர்த்துத்தான் நீட்டுவார். பின்னாடி நிக்கறவங்க கத்துவாங்க. "பத்து செகண்டு பொறுத்துக்கங்க, ஒரு வரி விட்டுப்போச்சுன்னா நாளைக்கு நீங்கதான் திரும்ப அலையணும்" என்பார். கோபமே வராது மனுஷனுக்கு. எனக்குத்தான் அதைப் பார்த்துக் கோபம் வரும்.

வண்டி, பேங்க்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்தது. வயசு இருபத்திரண்டு. செயின் துரு, சைலன்ஸர்ல ஓட்டை, கார்புரேட்டர் அடியில ஈரம். ஆறாவது உதைக்குத்தான் கிளம்புச்சு. நான் அவரை ஓரமா இழுத்துட்டுப் போனேன்.

"சார், இந்த மாடலை கம்பெனியே கைகழுவிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. சாமான் கிடைக்காது. சொன்னாக் கேளுங்க, வேண்டாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடா எடுத்து, தரையிலிருந்து பின்சீட்டு வரைக்கும் அளந்தார். என்னடா இது, வண்டி வாங்க வந்தவர் துணி தைக்கற மாதிரி அளக்கறார்னு நான் முழிக்கறேன்.

"எழுபத்தாறு சென்டிமீட்டர்ணே. புது வண்டியில எல்லாம் பின்சீட்டு இன்னும் ஒரு ஜாண் உசரம். அவளால காலைத் தூக்கிப் போட முடியாது. ஸ்கூட்டர்ல சக்கரம் சின்னது, ஒவ்வொரு குழியும் இடுப்புலயே இடிக்குதுங்கறா."

அப்புறம்தான் சொன்னார். அவர் சம்சாரத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் அவங்க முறை. பத்து மணிக்கு அதே படுக்கைக்கு அடுத்த ஆள் வாசல்ல நிப்பார். அரைமணி லேட்டாப் போனா அரைமணி குறைச்சலாத்தான் ஓடும், பத்துக்குக் கழட்டிடுவாங்க. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஆட்டோக்காரன் நேத்து வரேன்னவன் இன்னைக்கு வரமாட்டான்.

நான் வாயை மூடிக்கிட்டேன். வண்டியை வாங்கினார்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் அந்த வண்டியோட நான் பட்ட பாடு இருக்கே! சங்கிலி மாத்தினேன், பிரேக் மாத்தினேன், கிளட்ச் கேபிளை வேற வண்டியிலிருந்து வெட்டிச் சேர்த்தேன். அந்தம்மாவுக்கு ஊசி குத்தற கை இடது கை, அதுல பலம் கொடுக்கக் கூடாது. அதனால வலது கைக்கு எட்டற மாதிரி ஒரு பிடி வெல்டிங் வெச்சேன், முதுகுக்குச் சாய ஒரு பலகை வெச்சு மெத்தை தைச்சேன். அவர் எங்கிருந்தோ அந்த மாடலோட பழைய மெக்கானிக் புத்தகத்தைத் தேடிப் பிடிச்சு, இருநூறு பக்கமும் நகல் எடுத்து, பைண்டு பண்ணி எனக்கு ஒண்ணு கொடுத்தார். மூலையெல்லாம் அவ்வளவு நேரா இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் சரியாகல. கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்ன ஊசி இருக்கும். உள்ள பெட்ரோல் நிறைஞ்சதும் அது மேல எழும்பி வழியை அடைக்கணும். அது தேஞ்சுபோச்சு. வண்டி நிக்கறப்போ பெட்ரோல் சொட்டிக்கிட்டே இருக்கும். அதனால வண்டியை நிறுத்தினா தொட்டிக்குக் கீழ இருக்கற பெட்ரோல் டேப்பை மூடணும், கிளப்பறப்போ திறக்கணும். இதை நான் ஒரு தடவை வாயால சொன்னதுக்கு, மறுநாளே தொட்டி மேல ஒரு சீட்டு ஒட்டியிருந்தார், பிளாஸ்டிக் உறை போட்டு: 'நிறுத்தினால் மூடு. கிளப்பினால் திற.' அது போதாதுன்னு ஒரு பேப்பர்ல ஏழு வரி எழுதி மடிச்சுப் பையில வெச்சிருந்தார். காத்து, பிரேக், டேப், ஆயில்னு வரிசையா. தினம் காலையில அந்த ஏழையும் விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் உதைப்பார்.

"சார், இது வண்டியா, கோர்ட்டு கேஸா?"ன்னு கேப்பேன். சிரிப்பார்.

சிரிச்சாலும், ஒரு வருஷம், நூத்தம்பது தடவைக்கு மேல, ஒரு நாள் அந்தம்மா லேட்டாப் போனதில்ல. அந்த இருபத்திரண்டு வயசுக் கிழட்டு வண்டியில! எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்துச்சு.

அந்த ஊசிக்காக நான் போகாத காயலான் கடை இல்ல. ஒரு வியாழக்கிழமை, பழைய சாமான் மூட்டையில ஒண்ணு ஆப்பிட்டுது, பிரிக்காத பாக்கெட்டோட. எனக்குத் தலைகால் புரியல. அன்னைக்குச் சாயங்காலமே அவரை வரச்சொல்லி, கார்புரேட்டரைக் கழட்டி, ஊசியை மாத்தி, டேப்பைத் திறந்துவெச்சு அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல. நானே என் நகத்தால தொட்டி மேல ஒட்டியிருந்த அந்தச் சீட்டைக் கிழிச்சு எடுத்தேன்.

"சார், இனிமே இந்த டேப்பைத் தொடவே வேண்டாம். திறந்தே இருக்கட்டும். இப்படி ஒண்ணு இருக்குங்கறதையே மறந்துடுங்க."

அவர் பையிலிருந்து பேப்பரை எடுத்து, மூணாவது வரியைச் சிவப்புப் பேனாவால ஸ்கேல் வெச்சு அடிச்சார். வண்டியை எடுத்துட்டுப் போனார். அவர் வீடு நாலு தெரு தள்ளி.

வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு போன். "அண்ணே, பாலத்து மேல நின்னுபோச்சுண்ணே. பெட்ரோல் நிறைய இருக்கு. உதைச்சு உதைச்சுப் பார்த்துட்டேன்." கைலியோட ஓடினேன். போய்ச் சேர ஆறரை ஆயிடுச்சு. அந்தம்மா பாலத்து ஓரக் கல்லுல உக்காந்திருந்தாங்க, மடியில ஒரு போர்வைப் பை. அவர் சட்டை முதுகு முழுக்க நனைஞ்சிருந்தது. அந்த ஏழு வரிப் பேப்பர் வண்டி சீட்டு மேல விரிச்சபடி இருந்துச்சு. ஏழுல ஆறைச் சரிபார்த்திருந்தார்.

"ஆட்டோ ஒண்ணு காலியா வந்துச்சு அண்ணா, இவர்தான் ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னார்"னாங்க அந்தம்மா. குத்தம் சொல்ற குரல் இல்ல, களைப்பு.

நான் வண்டி பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தேன். கை தன்னால டேப்புக்குப் போச்சு. மூடியிருந்துச்சு.

என் பட்டறையில வெல்டிங் பொறி பறக்கும். அதனால பழைய வண்டி எது நின்னாலும் டேப்பை மூடிடுவேன், கை அதுபாட்டுக்குச் செய்யும். நேத்தும் சொட்டலைன்னு பார்த்து முடிச்சதும் மூடியிருக்கேன். மூடிட்டு, திறந்தே இருக்கட்டும்னு பெருசா வசனம் பேசி, சீட்டையும் கிழிச்சு அனுப்பியிருக்கேன். கார்புரேட்டருக்குள்ள தேங்கியிருந்த பெட்ரோல்ல வண்டி வீடு போயிருக்கு, காலையில பாலம் வரைக்கும் வந்திருக்கு. அட பாவி! அந்த மனுஷன் டேப்பைப் பார்த்திருக்கவே மாட்டார். மறந்துடுங்கன்னு சொன்னது நானாச்சே. நான் சொன்னா அவர் மறந்துடுவார்.

டேப்பைத் திருப்பி, ஒரு உதை உதைச்சா வேலை முடிஞ்சுது. ஆனா அப்படிச் செஞ்சா என்னன்னு கேப்பாரே! அதனால நான் என்ன பண்ணினேன் தெரியுமா? உடம்பால மறைச்சு டேப்பைத் திருப்பினேன். அப்புறம் ஸ்பானர் எடுத்து ப்ளக்கைக் கழட்டி, சட்டையில துடைச்சு, "கரி அடைச்சிருக்கு சார்"னு சொல்லி, திரும்ப மாட்டினேன். அந்தப் பொய்க்கு நாலு நிமிஷம் ஆச்சு. அந்தம்மாவோட நாலு நிமிஷம். அதை நினைச்சா இப்பவும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம்னு தோணும்.

ஒரே உதை. கிளம்பிடுச்சு. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "உங்க கைராசிண்ணே, கைராசி!"

ஏழு மணிக்குப் படுக்க வெச்சு, பத்துக்குக் கழட்டிட்டாங்க. நாலு மணி நேரத்துல ஒண்ணு போச்சு. அடுத்தது திங்கக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, நெஞ்செல்லாம் நீர். ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கிடந்தாங்க. ஏற்கெனவே பலவீனமா இருந்த இதயம் அதோட இன்னும் தளர்ந்துபோச்சுன்னு டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் ஆரம்பிச்சேன், "சார், அன்னைக்கு அந்த வண்டியில..."ன்னு. அவர் என்னைப் பேச விடல. "அன்னைக்கு நீங்க மட்டும் ஓடி வரலைன்னா என்ன ஆயிருக்கும்ணே"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நான் டீ வாங்கிட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன்.

அவங்க வீடு திரும்பினதும் பார்க்கப் போனேன். ஒரே அறை. கதவுகிட்ட எடை பார்க்கற மெஷின், அது மேல ஆணியில ஒரு நோட்டு, தினமும் காலையில எவ்வளவு எடைன்னு. ஜன்னல்ல கோடு போட்ட பாட்டில், அன்னைக்கு அவங்க குடிக்கலாம்ங்கற தண்ணி அவ்வளவுதான். எல்லாம் அவர் கையெழுத்து. அவர் மருந்து வாங்கக் கீழே இறங்கினார். அந்தம்மா தலையணையில சாஞ்சபடி என்னையே பார்த்தாங்க.

"அண்ணா, நீங்க டேப்பைத் திருப்பினதை நான் பார்த்தேன்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க உக்காந்திருந்த கல் தாழ்வானது. என் முதுகு அவரைத்தான் மறைச்சுது. அவங்களை மறைக்கல.

"என் தப்புதான்மா. நான் அவர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"வேண்டாம்." மூச்சு வாங்கிட்டு மறுபடி பேசினாங்க. "டாக்டர் சொல்றதை அவர் நம்பறதில்ல. மெஷினை நம்பறதில்ல. என் உடம்பையும் நம்ப முடியலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கையில ஒண்ணும் இல்லாம உக்காந்திருக்கார் அண்ணா. வண்டியும் நீங்களும்தான் பாக்கி. அதையும் பிடுங்கிடாதீங்க."

"உனக்குக் கோபம் இல்லையாம்மா?"

"இருக்கு"ன்னாங்க. "நிறைய இருக்கு. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

படியில அவர் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அவங்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நான் கூசிப்போய் நின்னேன். சொல்லி அழவும் வழியில்ல, மன்னிப்புக் கேக்கவும் வழியில்ல. "சாப்பிட்டீங்களாண்ணே?"ன்னு கேட்டுக்கிட்டே அவர் உள்ள வந்தார்.

இப்ப அந்தம்மாவால எழுபத்தாறு சென்டிமீட்டரும் ஏற முடியல. அவர் தூக்கி உக்கார வெச்சு, ஒரு துப்பட்டாவால தன்னோட சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போறார். மாசாமாசம் முதல் ஞாயிறு வண்டி என்கிட்ட வரும். நான் எல்லாத்தையும் பார்த்து, டேப்பை நாலு தடவை தொட்டுப் பார்த்து அனுப்புவேன். "இவ்வளவு பொறுப்பா யார்ணே பார்க்கறாங்க?" என்பார். அந்த மூணாவது வரியில சிவப்புக் கோடு அப்படியே இருக்கு.

என் பட்டறையில இப்ப கூட்டம் அதிகம். ஜெராக்ஸ்காரர் தன் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கறப்போ என்னைப் பத்திச் சொல்றாராம். நேத்து ஒரு ஆள் பழைய வண்டி ஒண்ணைத் தள்ளிக்கிட்டு வந்தார்.

"ஜெராக்ஸ்காரர் அனுப்பினார்ணே. பாலத்து மேல நின்னுபோன வண்டியை ஒரே உதையில கிளப்பிட்டீங்களாமே, அப்படி ஒரு கையாம்."

நான் குனிஞ்சு முதல்ல டேப்பைப் பார்த்தேன். அது திறந்துதான் இருந்துச்சு.