மிஞ்சிக் கள்ளர்

குருக்கள்மடத்தில் இரத்தினம்மாவிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். உப்பு, கத்தரிக்காய், கல்யாண வீட்டுக்குக் கிடாரம், யாரோடாவது சண்டை என்றால் துணைக்கு ஒரு வாய். மிஞ்சி வேர் மட்டும் கிடைக்காது.

புதினாவை அங்கே மிஞ்சி என்பார்கள். குளிக்கும் தண்ணீர் ஓடி ஊறும் கிணற்றடியில், முருங்கை நிழலில், பாய் விரித்த மாதிரி அது படர்ந்து கிடந்தது. கேட்டு வந்தவர்களிடம் இரத்தினம்மா முகம் சுளிக்க மாட்டாள். போய் இலை இலையாகக் கிள்ளி, கை நிறையக் கொண்டுவந்து தருவாள். தண்டு வராது. கணுவுள்ள ஒரு தண்டு வாசல் படலையைத் தாண்டினால் அடுத்த மாதம் அது அவர்கள் வீட்டில் பாய் விரிக்கும். பிறகு மிஞ்சிச் சம்பலுக்கு யார் இவளைத் தேடி வருவது?

மச்சாள் ஆச்சிப்பிள்ளையோடு பேச்சு அறுந்ததும் இதனால்தான். ஆச்சிப்பிள்ளை இவள் கணவனின் தங்கை. வாவிக்கு அக்கரையில், பழுகாமத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் வந்து வாய் திறந்து வேர் கேட்டாள். இரத்தினம்மா வழக்கம்போல இலை கிள்ளிக் கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை அதை முகர்ந்து பார்த்தாள், முற்றத்து ஆட்டுக்குப் போட்டாள், பாதை ஏறிப் போய்விட்டாள். வாவியைக் கடக்கும் தட்டைப் படகுக்கு அங்கே பாதை என்று பெயர். அதன்பிறகு பதினொரு வருடம், ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் அந்தப் பாதையில் ஏறவில்லை.

பிறகு, 2004 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள், கடல் வந்தது.

இரத்தினம்மாவும் கணவன் குஞ்சித்தம்பியும் றோட்டைத் தாண்டி ஓடித் தப்பினார்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீட்டில் ஒரு சுவர் நின்றது. முருங்கை சாய்ந்தபடி நின்றது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. மிஞ்சி மட்டும் மிஞ்சவில்லை. கறுத்த நூல்போல ஒரு தண்டு கிடந்தது; ஒடித்தால் உள்ளேயும் கறுப்பு.

முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில், பக்கத்துப் பாயில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவள் கிடந்தாள். அவளருகில் இருந்துகொண்டு ஒரு செடிக்கு அழ இரத்தினம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அழாமல் யோசித்தாள். இத்தனை வருடத்தில் ஒருத்தியாவது களவெடுத்திருக்க மாட்டாளா?

பாய் பாயாகப் போய்க் கேட்டாள். "என்ட மிஞ்சிய ஆர் களவெடுத்தது? சொல்லுங்க. பிள்ளையாரறிய நான் ஏச மாட்டன்."

"இந்தா, கடல் போன கையோட பழி போட வந்திற்றா," என்றாள் அடுத்த வளவு அன்னப்பிள்ளை.

"பழி இல்லகா. நீ எடுத்திருந்தா உனக்குக் கோயில் கட்டுவன்."

"எங்க எடுக்க விட்டாய்? கிணத்தடிக்கு வந்த ஓணானையே கல்லெறிஞ்சு துரத்தின மனிசி!"

தன் காவல் திறமையை நினைத்து இரத்தினம்மா நொந்துகொண்டது அதுவே முதல் தடவை.

இந்தப் புலம்பல் ஜெயரூபன் காதில் விழுந்தது. கனடாவிலிருந்து உதவிக்கு வந்த பிள்ளை. மிஞ்சி என்றால் பெண்கள் கால்விரலில் போடும் வெள்ளி வளையம் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்து, சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவன். அன்று பின்னேரமே ஒலிபெருக்கி முழங்கியது: "அன்பான தாய்மாரே! இரத்தினம்மா அம்மாவின் மிஞ்சி திருட்டுப் போயுள்ளது. எடுத்தவர்கள் ஒப்படைக்கவும். பெயர் கேட்க மாட்டோம்."

பொழுது சாய முன்னம் மேசையில் மூன்று சோடி மிஞ்சி சேர்ந்துவிட்டது. கரையில் பொறுக்கி எடுத்துவிட்டு, யாருடையதோ என்று நெஞ்சு குறுகுறுத்தவர்கள் கொண்டுவந்து வைத்தவை.

"இதில எது உங்கட, அம்மா?"

இரத்தினம்மா குனிந்து பார்த்தாள். "தம்பி, இத அரைச்சுச் சம்பல் போடவா?"

அந்தப் பள்ளிக்கூடம் அன்றுதான் சிரித்தது. பக்கத்துப் பாய்க்காரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காத ஒரே ஆள் குஞ்சித்தம்பி.

"இஞ்சேருங்க, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"ஏச மாட்டன் எண்டாயே," என்றார் அவர். "அது எனக்கும் சேர்த்தோ?"

போன வேளாண்மை வெட்டுக்குப் பழுகாமத்து வட்டை வயலுக்குப் போனபோது, சாரன் மடியில் ஒரு தண்டைச் செருகிக்கொண்டு போய்த் தங்கையிடம் கொடுத்திருக்கிறார். இரத்தினம்மா வாயைத் திறந்தாள். பிள்ளையார் நினைவுக்கு வந்தார். மூடினாள்.

மறுநாள் பாதை ஏறினாள். இக்கரை ஆமியிடம், அக்கரை புலிகள் இயக்கத்திடம். இரண்டு துறையிலும் பையைத் துழாவினார்கள். போகும்போது அதில் ஒன்றும் இல்லை.

ஆச்சிப்பிள்ளை நேற்றுப் பிரிந்தவள் மாதிரி, "வா மச்சாள்," என்றாள். கட்டிப்பிடித்து அழுதாள், சோறு போட்டாள். அவள் கிணற்றடியில் பச்சைப் பாய் விரிந்து கிடந்தது.

"மச்சாள்... மிஞ்சி கொஞ்சம்..."

ஆச்சிப்பிள்ளை எழுந்து போனாள். இலை இலையாகக் கிள்ளி, கை நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். "கணு ஒண்டும் வராமப் பாத்துத்தான் கிள்ளினன். உன்ட பழக்கம் தெரியும்தானே."

முற்றத்தில் ஆடு நிற்கிறதா என்று இரத்தினம்மா பார்த்தாள். நிற்கவில்லை. கையில் இலைகளோடு, கடல் வந்த நாளிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

ஆச்சிப்பிள்ளை அதைக் கண்டாள். காணாத மாதிரித் தென்னையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "அடுப்பில பால் கிடக்கு. நான் உள்ளுக்குப் போறன். சுணங்கித்தான் வருவன்." சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து மறுபடி அவள் குரல்: "புடுங்கிறவங்க மண்ணோட சேர்த்துப் புடுங்கினாத்தான் பிழைக்குமாம்!"

திரும்பும்போது இக்கரைத் துறையில் சோதனை செய்த பெண் சிப்பாயின் கை, இரத்தினம்மாவின் இடுப்பில் ஒரு ஈரப் பொட்டலத்தில் முட்டியது. பிரித்தாள், முகர்ந்தாள், சிரித்தாள். "மீஞ்சி!" கனடாத் தமிழுக்கு விளங்காதது சிங்களத்துக்கு விளங்கிவிட்டது.

நிவாரண வாளியில் அதை நட்டாள். கிணறு தெளியும்வரை, பவுசர் வண்டியில் வந்த குடிதண்ணீரில் தன் பங்கில் பாதி அதற்குத்தான்.

2007இல் அக்கரையில் சண்டை மூண்டது. ஆச்சிப்பிள்ளை ஒரு பையோடு வாவியைக் கடந்து வந்து, இரத்தினம்மாவின் புது வீட்டில் மாதக்கணக்காய் இருந்தாள். ஊர் திரும்பலாம் என்று அறிவிப்பு வந்த நாளில், கிணற்றடியில் மறுபடி படர்ந்திருந்த மிஞ்சியைப் பார்த்தபடி, "அங்க எல்லாம் செத்திருக்கும், மச்சாள்," என்றாள்.

பழக்கதோஷத்தில் இரத்தினம்மா இலை கிள்ளக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "நான் கடைக்குப் போறன்," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "சுணங்கித்தான் வருவன்."

கடைவரை போய் ஒன்றும் வாங்காமல் வந்தாள். ஆச்சிப்பிள்ளை பையைக் கட்டி முடித்திருந்தாள். மிஞ்சிப் பாயில் இரண்டு குழி. ஒன்று நடுவில். மற்றது, அதைவிடப் பெரியது, அன்னப்பிள்ளையின் வேலியோரம்.

இரத்தினம்மா குழிகளை மண் போட்டு மூடினாள். பிறகு இடுப்பில் கைவைத்து, வேலியைப் பார்த்து, ஆசை தீர ஏசத் தொடங்கினாள்.