யாருக்காகவும் நிற்காத ஜாப்

எங்கள் இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. சரக்கிருப்பு, பில், லேபிள் எல்லாம் அதில்தான். ஒரு புரோகிராம் முடிந்ததும் அடுத்தது ஓடும்படி கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் உண்டு. எழுதிய புண்ணியவான் யாரோ, நடுநடுவே ஒரு கேள்வியைச் செருகிவிட்டுப் போயிருந்தார். 'பிரிண்டர் தயாரா?' 'மேலே போகலாமா?' பதில் சொல்ல வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். ஓடிக்கொண்டிருக்கும் வேலை, அதாவது ஜாப், நிற்கும். அதன் பின்னால் வரிசையில் இருக்கிற அத்தனையும் நிற்கும். வாசலில் லாரியும் நிற்கும்.

அந்தக் கேள்விகளைக் களையெடுப்பதுதான் அந்த வாரம் என் வேலை. பிரிண்டர் தயாரில்லையா, உள்ளே சேர்த்துவை, பிறகு அச்சிடலாம். மனிதரைக் கேட்டே தீரவேண்டிய கேள்வியா, அதைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடு. ஓட ஆரம்பித்த பிறகு யாருக்காகவும் நிற்கக் கூடாது.

கடைசி ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருந்த காலையில் அம்மா போன் செய்தாள். மம்சாபுரத்து வீட்டில் படுத்திருந்த அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். சர்க்கரைப் புண். பாதம் கறுத்துவிட்டது, காய்ச்சலில் நினைவில்லை. மீதியைத் திருத்தி ஜாப்பை ஓடவிட்டு எழுந்தேன்.

"இது நடுவுல நின்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பக்கத்து மேசை அக்கா.

"நிக்காதுக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் என்னிடமும் ஒருமுறை சொன்னார். "இப்ப கால எடுத்தா முழங்காலுக்குக் கீழ போதும். தள்ளிப்போட்டா தொடை வரைக்கும் எடுக்கணும். அதுக்கு மேல உயிருக்கு நான் சொல்ல முடியாதும்மா."

அம்மா கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் வந்து சொல்லட்டும் என்கிறாள். அவன் பட்டாளத்தில், எல்லையில் எங்கோ சிக்னல் இல்லாத மலையில் இருக்கிறான். நானும் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே குரல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் போடுறேன்" என்றேன்.

"ஏட்டி, நீ கட்டிக் குடுத்த பிள்ள" என்றார் சித்தப்பா. "மூத்தவன் ஒரு வார்த்த சொல்லாம கால எடுத்துட்டு, நாளைக்கு அவன் வந்து கேட்டா யாரு பதில் சொல்ல? தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க கணக்கே சாணும் முழமும்தான் சித்தப்பா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீறாப்பெல்லாம் வாயில்தான். ஆபரேஷன் தியேட்டரிலேயே அப்பா போய்விட்டால், நான்தான் கொன்றேன் என்பார்கள். அப்பா நினைவோடு இருந்தபோது, காலா உயிரா என்று வந்தால் என்ன செய்யட்டும் என்று எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. பயம். இப்போது கேட்க ஆளில்லாமல் வராந்தாவில் நின்றோம். உள்ளே கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நர்ஸ் மறுபடி வந்தபோது பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

"பாவி" என்றாள் அம்மா. அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

தியேட்டர் வாசலில் இருக்கும்போது பக்கத்து மேசை அக்கா போன் செய்தார். "எல்லாம் முடிஞ்சு லாரி கெளம்பிருச்சு. ஒரு எடத்துலயும் கேக்கவே இல்ல."

"சரிக்கா" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்று அவர் பதறிப்போனார்.

மறுநாள் அப்பா கண் விழித்தார். போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணன்ட்ட கேட்டியா?"

"லைன் கெடைக்கலப்பா. நான்தான் போட்டேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நீட்டிய கஞ்சியைத் தொடவில்லை. அதே கஞ்சியை அம்மா கையால் குடித்தார். குடிக்கட்டும். என்மேல் கோபப்பட எங்கப்பா இருக்கிறார்.