ஜெமிமாவின் இருபது நிமிஷம்

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு ஜெமிமா இருப்பாள். ஆனால் பியானோ ஜெமிமா என்றால் ஒருத்திதான். வயது ஐம்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை, ஜெர்மனியில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியதும் இல்லை.

பதின்மூன்று வயதிலேயே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆர்கன் வாசித்தவள் அவள். கால் பெடலுக்கு எட்டாமல் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து வாசித்தாள். பரீட்சை மேல் பரீட்சை எழுதி, சென்னைக்குப் போய், அங்கிருந்து உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்குப் போனாள். பெரிய பேர் வாங்கினாளா என்று கேட்டால், இல்லை. பேர் வாங்கியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிற ஆள் அவள். சின்னச் சின்ன ஊர்களில், நூறு நாற்காலி போட்ட மண்டபங்களில் வாசித்தாள். அங்கே ஜனங்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள், கைதட்டுவார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவள் அந்தப் பூங்கொத்தோடு குளிரில் ரயிலுக்கு நிற்பாள். அறைக்கு வந்தால், "இன்னைக்கு நல்லா வாசிச்சேன்" என்று சொல்ல ஒரு ஈ காக்காய் கிடையாது. முப்பத்தொரு வருஷம்! மனுஷி எப்படித்தான் தாங்கினாளோ.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே திரும்பி, அண்ணன் ஹெப்ரான் வீட்டு மாடியில் குடியேறினாள். அண்ணனும் மதினி ரீபாவும் தங்கமானவர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் வாசிக்கிறபோது கீழே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. மேலே சத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு சொனாட்டா, மூன்று பாகமாக முப்பத்தைந்து நிமிஷம் ஓடுகிற பியானோ இசை, இருபது வருஷமாகக் கூடவே வைத்துக்கொண்டு வாசித்தது. எத்தனையோ ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். சொந்த ஊர்க்காரர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அப்பாவும் அம்மாவும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இப்போதோ வலக்கை மோதிரவிரல், காலையில் மடங்கினால் நிமிரமாட்டேன் என்கிறது. அடுத்த வருஷம் அதை வாசிக்க முடியாது என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரல் போவதற்குள் ஒரே ஒரு தடவை தன் ஜனங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சபைப் போதகரைப் போய்ப் பார்த்தாள். ஊரில் அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். "அதுக்கென்ன, அசனத்துக்கு முந்தின நாள் வச்சிருவோம். சாயந்தரம் காய் வெட்ட எல்லாரும் வருவாங்கள்லா, ஒரு ரெண்டு மணி நேரம் முன்ன வரச் சொன்னாப் போதும்" என்றார் அவர். அசனம் என்றால் சபைப் பண்டிகையின் பொதுச்சாப்பாடு. அதற்கு வராத ஆள் கிடையாது.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. "சகோதரி ஜெமிமா நடத்தும் இசை ஆராதனை" என்று போட்டிருந்தது. ஆராதனை இல்லை, கச்சேரி என்று அவள் சொல்லியிருக்கலாம். கச்சேரி என்றால் யார் வருவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சபை மண்டபம் நிறைந்துவிட்டது. இருநூறு பேர் இருக்கும். பாதிப் பெண்கள் காலடியில் அரிவாள்மணை. ஐயர் ஜெபம் செய்து உட்கார்ந்தார். மண்டபத்துப் பியானோவில் ஜெமிமா ஆரம்பித்தாள்.

ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையிலேயே, அண்ணன் பக்கத்திலேயே!

"வே, வெங்காயம் எத்தன கிலோ சொல்லிருக்கு?"

"அறுவது."

"காணாதுவே. போன வருசமே காணல."

பின்னால் ஒரு செல்போன் பாடியது. அதை எடுத்தவர் அங்கேயே பேசினார். நாலைந்து பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள். சொனாட்டாவின் முதல் பாகம் முழுக்க இப்படித்தான் போனது. ஜெமிமாவுக்குக் கண் கலங்கி, கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. அழுகை இல்லை, ஆத்திரம். இதற்கா வந்தோம் என்று இருந்தது.

இரண்டாம் பாகம் பைய நடக்கிற பாகம். கோவில் பாட்டு மெட்டைப்போலவே நாலு நீளமான சுரக்கூட்டுகளோடு தொடங்கும். அதைக் கேட்டதும் ஐயரின் மனைவி ஐயரம்மா சடக்கென்று எழுந்தார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக இருநூறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அந்தச் சபையின் வழக்கம் அது. பாட்டுக்கு முன்னால் ஆர்கன் ஒரு தடவை மெட்டை வாசித்துக் காட்டும். சபை எழுந்து கைகட்டி நின்று கேட்கும். மெட்டு முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். அதுவரைக்கும் ஒருவரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. எழுந்த சபை தானாக உட்காரவும் உட்காராது. வாசிக்கிறவர் தலையை ஒரு தரம் தாழ்த்தினால்தான் உட்காரும். மெட்டு முடியும், பாடலாம் என்று அத்தனை பேரும் காத்து நின்றார்கள்.

மண்டபத்தில் பொட்டுச் சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. ஒருவர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பையப் புரட்டி, எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாமல் மூடி வைத்தார்.

ஜெமிமா நிமிர்ந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பதின்மூன்று வயதிலிருந்து எத்தனை நூறு தடவை இந்த ஜனங்களைத் தலையசைத்து உட்காரவைத்தவள் அவள்! வயசாளிகள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொள்வதையும் பார்த்தாள். ஒரு தலையசைப்புப் போதும்.

அவள் தலையை அசைக்காமல் வாசித்தாள்.

அந்தப் பாகத்தை இவ்வளவு மெல்ல, இவ்வளவு நிதானமாக அவள் எங்கேயும் வாசித்ததில்லை. ஒவ்வொரு சுரமும் கடைசி வரிசைவரை போய்ச் சேர்வது அவளுக்கே கேட்டது. மோதிரவிரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, போகட்டும். அதை முடித்து, மூச்சுவிட இடம் கொடுக்காமல் மூன்றாம் பாகத்துக்குள் போனாள். அது துள்ளி ஓடுகிற பாகம். அதற்கும் நின்றார்கள். மொத்தம் இருபது நிமிஷம். அவள் பிறந்த ஊர், அவளுக்குப் பேர் வைத்த சபை, அத்தனையும் வாயை மூடிக்கொண்டு அவளைக் கேட்டது.

கடைசிச் சுரம் அடங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள். இருநூறு பேரும் "அப்பாடா" என்று விழுந்தடித்து உட்கார்ந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, ஆராதனையில் யார் கைதட்டுவார்கள்? பாட்டு ஏன் இல்லை என்று ஐயருக்குக் குழப்பம்தான். இருந்தாலும் எழுந்து ஆசீர்வாதம் கூறினார். ஜனங்கள் ஆமென் சொல்லி, அரிவாள்மணைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

ரீபா மட்டும் ஒரு தம்ளர் டீயோடு நொண்டி நொண்டி வந்தாள்.

"ஏட்டி ஜெமி, காலு உயிரு போவுதுட்டி. என்னா நீட்டு! ஒரு தரம் தலைய ஆட்டிருந்தா உக்காந்திருப்போம்லா? அங்கன ஜெர்மனில இருந்து இந்த வழக்கமெல்லாம் மறந்துபோச்சாக்கும்?"

ஜெமிமா தம்ளரை வாங்கினாள்.

"மறக்கல மதினி. உக்காந்தா பேச ஆரம்பிச்சிருவிய."

ரீபா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். வெளியே கத்தரிக்காய் வெட்டக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.