ஓர் அரவு

அந்தப் பிற்பகல் அவர், பிரதியெடுக்கத் தட்டச்சடித்த ஸ்டென்சில் தாளை என் மேசையில் வைத்தது இன்னும் கண்முன் நிற்கிறது.

"தம்பி, இதை ஒருக்காப் பாத்துத் தாரும். எனக்குக் கண் பூத்துப்போச்சு."

கண்டியில் எங்கள் அரசாங்கக் கந்தோரின் மொழிபெயர்ப்புப் பிரிவில் நாங்கள் இருவர்தான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மிஸ் என்று அழைப்பேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து படித்து வந்த நான், அவருக்கு இரண்டு வருடம் முன்பே வேலையில் சேர்ந்தவன்.

மறுநாள் காலை நகரத்து மண்டபமொன்றில் வெளிநாட்டுக் கொள்கை பற்றி ஓர் அமைச்சர் பேச இருந்தார். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. இருவரிடமும் உதவி வாங்கி, இருவருக்கும் கட்டுப்படாமல் நிற்கப் பார்த்தது எங்கள் நாடு. இரண்டு தூதுவர்களும் மேடைக்கு வருகிறார்கள். அவர்களின் கதிரைகள் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்றுகூட கொழும்பிலிருந்து உத்தரவு வந்திருந்தது. பேச்சைத் தமிழாக்கி வாசிக்கும் பொறுப்பை மிஸ்ஸுக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் என் சித்தப்பா குடும்பம் அப்போதுதான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தது. வெளிநாட்டுக் கொள்கை மிஸ்ஸுக்கு மொழிபெயர்க்க ஒரு தாள். எங்கள் வீட்டிலோ அது ஆட்களையே கொண்டுபோயிருந்தது. அந்த மேடை எனக்குரியது என்றே நினைத்தேன். அவருடைய தமிழ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

தாளை வாசித்தேன். மூன்றாம் பந்தியில் 'அணிசேராக் கொள்கை' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'ர'வை 'ரா' ஆக்கும் அரவு விழவில்லை. 'அணிசேரக் கொள்கை' என்றிருந்தது. ஒரு பக்கம் சேருவதே எங்கள் கொள்கை என்று அர்த்தமாகிவிடும். பிரதிகள் பத்திரிகைக்காரர் கைக்கும் தூதரகத்தார் கைக்கும் போகும். ஒரு சொல் சொன்னால் போதும்.

"எல்லாம் சரிங்க மிஸ்" என்றேன்.

மறுநாள் கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் மண்டபத்து வாசலில் அவர் வெளிறிப்போய் நின்றார். பிழையை அவரே கண்டுபிடித்துவிட்டார். கோபிக்கவில்லை.

"என்ர பிழை தம்பி. நீர் கண்டிருந்தாச் சொல்லியிருப்பீர்தானே. வாரும், ரெண்டு பேருமாப் போட்டு முடிப்பம்."

பின்கட்டு மேசையில் அருகருகே உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் பேனையால் அரவு போட்டோம். அவர் முகத்தைப் பார்க்காமல் வேகவேகமாகப் போட்டேன். அவர் அதை அவசரம் என்று எடுத்துக்கொண்டார்.

"பதறாதையும், நேரம் கிடக்கு."

அன்று அவர் வாசித்தபோது சபை அசையவில்லை. தமிழ் தெரியாத தூதுவர்கள்கூட நிமிர்ந்து கேட்டார்கள். கடைசி வரிசையில் நின்று, அவர் எங்காவது தடுமாறிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். தடுமாறவில்லை.

சில மாதங்களில் அவர் கொழும்புக்கு, வெளிநாட்டு அமைச்சுக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த வருடம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே தமிழ்ப் பிரிவில் ஓரிடம் இருப்பதாகவும், என் பெயரைச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தார். 'அண்டைக்கு மண்டபத்தில என்னோட இருந்து எல்லாம் திருத்தித் தந்தனீர். உம்மை நம்பலாம்' என்று கடைசி வரி.

நான் அதுவரை ஆசைப்பட்டதெல்லாம் அந்த வேலைக்குத்தான். ஆனால் அவருக்குக் கீழே, அவர் தந்த வேலையாக அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, கண்டியை விட்டு வர முடியாது என்று பதில் எழுதிப் போட்டேன்.

அம்மா அன்று மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.