பட்டனை ஒருமுறைதான் அமுக்கினேன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காரிமங்கலத்தில் உரக்கடைக்கு மேலே இருக்கும் சென்டரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் அங்கே படிக்க வந்தவர்களுடைய மரியாதைதான். நான் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துவதில்லை. ஏதாவது ஒரு ஆப்பைத் திரையில் ஓடவிட்டு, அது எங்கே சொதப்புகிறது என்று கண்ணெதிரே காட்டுவேன். பிறகு அவர்களைச் செய்யச் சொன்னால், ஆப் தடுமாறிய நொடியே, "சாரிங்க மேடம், நான்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்று அவசரமாக மூடிவிடுவார்கள். கோளாறைத் தேட வந்த இடத்தில், கோளாறு கிடைத்ததும் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்? தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர்களில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி, பதினோரு வருடம் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். நான்கு கம்பெனிகள் அந்தப் பதினோரு வருடத்தைக் காட்டியே அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. படிப்பில் கெட்டி, வாய் மட்டும் திறக்காது. ஓசூரிலிருந்து ஒருவர் ஆள் எடுக்க வருகிறார் என்றதும் என்னிடம் வந்தார்.

"இதுவும் ஆகலைன்னா நின்னுக்கறேங்க மேடம். இதுக்கு மேல வூட்ல கேக்க முடியாது."



ஓசூர்க்காரர் தங்கள் கம்பெனி ஆப்பையே கொண்டுவந்திருந்தார். தக்காளி ஏற்ற விவசாயிகள் வண்டிக்குப் பதிவு செய்யும் ஆப். முதலில் நான் அதை எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்ட வேண்டும், பிறகு ஒவ்வொருவராகச் செய்ய வேண்டும் என்றார். இருப்பது ஒரே ஒரு இடம்தானாம்.

நான் ஜம்மென்று ஆரம்பித்தேன். இருபது கூடை என்று போட்டேன், பட்டனை அமுக்கினேன், பதிவாகிவிட்டது. முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தால் அதே பதிவு இரண்டு இருக்கிறது. வந்தவர் என்னையே பார்க்கிறார். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. இரண்டு தடவை அமுக்கிவிட்டேன் போல என்று சிரித்து மழுப்பி, ஒன்றை அழித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். ஆமாம், நானேதான். இத்தனை நாள் எல்லோரையும் திட்டித் தீர்த்த அதே நான்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றார்.

"இல்லீங்க மேடம். நீங்க ஒருக்காதான் அமுக்குனீங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னொருக்கா பண்ணுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செய்தேன். புதிதாக ஒரு பதிவு. முந்தைய பக்கத்துக்குப் போனேன், இரண்டாகிவிட்டது. மறுபடி போனேன், மூன்று. பின்னால் போகும்போதெல்லாம் ஆப் தானாகவே இன்னொரு வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

வந்தவர் அக்காவைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்காரவைத்தார். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, அதிகமாக இருப்பதை அழித்துவிட்டால் போச்சு என்று சீண்டிப் பார்த்தார். அக்கா அசரவில்லை. ஒரே தோட்டத்துக்கு இரண்டு வண்டி வந்து நிற்கும், பக்கத்துத் தோட்டத்துக்கு வண்டியே இருக்காது, பறித்து வைத்த தக்காளி வெயிலில் குழைந்துபோகும் என்றார். வண்டி வராமல் ஒருநாள் பறித்ததை எல்லாம் மாட்டுக்குக் கொட்டியதையும் சொன்னார். பதினோரு வருடம் என்ன செய்தீர்கள் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை.

ஒன்றை மட்டும் கேட்டார். சொல்லிக்கொடுத்தவர் செய்ததை இத்தனை பேர் முன்னால் தப்பு என்று சொல்ல எப்படித் துணிச்சல் வந்தது?

அக்கா பதறிப்போனார்.

"ஐயோ, அவங்க தப்புன்னு நான் எங்கீங்க சார் சொன்னேன்? அவங்க மேல தப்பே இல்லைன்னுதானுங்களே சொன்னேன்."

என் கையை நானே நம்பாதபோது அவர் நம்பியிருக்கிறார்.

மற்றவர்களும் செய்து முடித்த பிறகு, அக்காவைத் திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொல்லிவிட்டார் ஓசூர்க்காரர். அறை முழுக்க ஒரே கைத்தட்டல். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன், அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவர் மெல்ல விலகி, படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டார். "கெடச்சிருச்சுங்க" என்றார். அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது. நிதானமாக, குரலை உயர்த்தாமல், மூன்று தடவை அதையே சொன்னார்.